உச்சிமலையில் பறவை பார்த்தல்: மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை, மேலூர், திண்டுக்கல், தேனி பக்கம் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கண்மாய்க் கரைதான் பள்ளிக்கூடம். நாரை, கொக்கு, முக்குளிப்பான் என்று திறந்தவெளியில் நிற்கும் பறவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு மலை உச்சிக்குப் போனால் முதல் நாள் ஏமாற்றமாகவே இருக்கும். அங்கே பார்க்கும் முறையே வேறு. பழனி மலைத்தொடரின் உயரமான பகுதிகளை, முக்கியமாகக் கொடைக்கானல் சுற்றுவட்டாரத்தை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

மதுரையிலிருந்து போகக்கூடிய உயரமான இடம் எது?

கொடைக்கானல்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாகச் சுமார் நான்கு மணி நேரம். ஊரே 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வரும் பெருமாள் மலையின் உச்சி 2,200 மீட்டருக்கு மேல். தொடரிலேயே மிக உயரமான வந்தரவு 2,553 மீட்டர். ஆனால் அது பேரிஜம் ஏரியையும் தாண்டி உள்ளே, வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நினைத்த நாளில் போய்வர முடியாது.

அதற்காக வருத்தப்பட வேண்டாம். உயரத்துக்கே உரிய பறவைகளில் பாதிக்கு மேல் ஊரை ஒட்டிய வட்டக்கானல், பாம்பார் சோலை ஓரங்களிலேயே பார்க்கக் கிடைக்கும். சோலை என்பது இங்கே குளிர்ந்த உயரத்தில் அடர்ந்து வளரும் பசுமை மாறாக் காடு. தேனிக்காரர்களுக்கு மேகமலை பக்கம். சிறுமலை அருகிலேயே இருந்தாலும் உயரம் போதாது. மரகதப்புறாவுக்கும் காட்டுக்கோழிக்கும் அது நல்ல இடம். சோலைப் பறவைகளை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள்.

உயரம் ஏற ஏறப் பறவைகள் உண்மையிலேயே மாறுகின்றனவா?

மாறுகின்றன. அதை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 2,000 மீட்டர். நான்கு மணி நேரப் பயணத்தில் முள்காடு, இலையுதிர் காடு, காப்பித் தோட்டம், சோலை, புல்வெளி என்று ஐந்து நிலங்களைக் கடக்கிறீர்கள்.

சின்னான்களை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். காட்ரோடு வரைக்கும் நம் வீட்டு வேலியில் இருக்கும் செம்புழைச் சின்னான். கொஞ்சம் ஏறி, பாறையும் புதருமான வறண்ட சரிவு வந்தால் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு வாய்ப்பு உண்டு. தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. காப்பித் தோட்டம் தொடங்கியதும் கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் கொண்ட செம்மீசைச் சின்னான் வந்துவிடும். அப்புறம் உச்சி வரை அதன் ராஜ்ஜியம்தான். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தினால் தலையாறு அருவியை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பாறை விளிம்பைப் பாருங்கள். பழுப்புநிறப் பாறைத் தகைவிலான்கள் கண் மட்டத்தில் வளைந்து வளைந்து பறந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் உச்சிக்கே உரியவை எவை?

முதல் பயணத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படாமல் நான்கைந்து பறவைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழனிச் சிரிப்பான், வெண்வயிற்றுச் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சிறு பாடும் பறவை), கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், நீலகிரிக் காட்டுப்புறா. புல்வெளி கிடைத்தால் நீலகிரி நெட்டைக்காலி. எல்லாமே மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் வாழாதவை.

முதல் இரண்டுக்கும் பழனி மலைக்கும் தனி உறவு உண்டு. இரண்டையும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு; சோலைக்கிளியை 1868-லும் சிரிப்பானை 1869-லும். அவருக்கு மாதிரிகள் தந்தவர் பழனி மலையில் பறவை சேகரித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க். சிரிப்பானின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

நீலகிரியில் சிரிப்பான் வேறு, பழனியில் வேறு, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வேறு. காரணம் பள்ளங்கள்தான். இந்தப் பறவைகள் குளிர்ந்த உயரத்தை விட்டு இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். இறக்கை இருந்தும் சூடான அந்த இடைவெளியை அவை கடப்பதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியாக இருந்து தனித்தனி இனங்களாகிவிட்டன. நீலகிரிச் சோலைக்கிளிக்கு வயிறு செம்மஞ்சள், நம்முடையதற்கு வெள்ளை. இப்படிப்பட்ட மலைகளை வானத்தீவுகள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2017-ல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இந்த இரண்டு குழுக்களுக்கும் புதிய பேரினப் பெயர்களே (அறிவியல் பெயரின் முதல் பாதி) வைத்தார்கள். சோலைக்கிளியின் பேரினப் பெயரில் சோலை என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது.

கொடைக்கானலில் உங்கள் முன்னால் வந்து உட்காரும் ஒரு சிரிப்பானை ஊட்டியில் எத்தனை வருஷம் தேடினாலும் பார்க்க முடியாது. உச்சியில் நிற்கும்போது இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். வெயில் கூடினால் சமவெளிப் பறவை மலை ஏறலாம். உச்சிப் பறவைக்கு அதற்கு மேலே ஏற இடமில்லை.

போக எந்த மாதம் நல்லது? எந்த நேரம்?

ஜனவரி முதல் மே வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாதி நாள் மழையிலும் மேகத்திலுமே போய்விடும். ஜனவரியில் காலை உறைபனி இருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும், வலசை வந்த கதிர்க்குருவிகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சோலைப் பறவைகள் பாடும், கூடு கட்டும். கூடவே கூட்டமும் நெரிசலும். சுற்றுலாக் கூட்டம் எழுந்திருப்பதற்கு முன்பே நீங்கள் வேலையை முடித்துவிடலாம் என்பதால் அது பெரிய தடையில்லை.

நேரம் என்றால் விடிவதற்கு அரை மணி முன்னால் சோலை ஓரத்தில் நிற்க வேண்டும். சோலைக்கிளி வெளிச்சம் முழுதாக வருவதற்குள் பாதைக்கு வந்து இரை தேடிவிட்டு உள்ளே போய்விடும். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை சிறு பறவைகள். ஒன்பதரைக்கு மேல் கழுகுகள். பதினொன்றுக்கு அப்புறம் மேகம் மேலே ஏறிவிடும்; டீ குடிக்கப் போகலாம்.

மேகம் மூடிவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதானா?

அரை மணி பொறுங்கள். வெயிலில் பள்ளத்தாக்கு சூடாகி, ஈரக்காற்று சரிவில் ஏறி, மேலே வந்து குளிர்ந்து மேகமாகிறது. அதனால் அது அலை அலையாக வந்து போகும். இரண்டு அலைக்கு நடுவில் ஐந்து நிமிடம் விலகினால் அதுவரை அடங்கியிருந்த பறவைகள் ஒரே நேரத்தில் வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேகத்துக்குள் சிரிப்பான்கள் சாலையோரத்துக்கே இறங்கி வருவதும் உண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி கேட்டால் மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் மொட்டை உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

சத்தம் மட்டும் கேட்கிறது, பறவை தெரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

மலையில் இதுதான் எல்லோருடைய முதல் புகார். கண்மாயில் கண் முன்னால் போகும், காது பின்னால் வரும். சோலையில் காதுதான் முன்னால் போக வேண்டும்.

முதலில் நடையை நிறுத்துங்கள். சோலை ஓரத்தில் ஒரு ஓடையோ, மரம் விழுந்த வெட்டவெளியோ பார்த்து இருபது நிமிடம் உட்காருங்கள். சோலையில் பறவைகள் பரவலாக இருப்பதில்லை. பல இனங்கள் கலந்து ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு நகரும். ஒன்று இலையைக் கிளப்பினால் பறக்கும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும். ஒன்று வல்லூறைக் கண்டு குரல் கொடுத்தால் எல்லாம் ஒளியும். அந்தக் கூட்டம் வராத வரை காடு வெறுமையாக இருக்கும். வந்துவிட்டால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறுவீர்கள். மஞ்சள் வயிறும் சாம்பல் தலையுமாகத் துறுதுறுவென்று ஒரு சின்ன ஈப்பிடிப்பான் வந்தால் பின்னால் மற்றவையும் வருகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

குரல்களில் மூன்றைப் பழகினால் போதும். கீச்சுக் கீச்சென்று ஒரு பறவை தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ள, குரல் ஏறிக்கொண்டே போனால் சிரிப்பான். புதருக்குள்ளிருந்து ஊப் ஊப் ஊப் என்று உள்ளடங்கிய குரலும் உடனே அதற்கு ஒரு பதிலும் கேட்டால், வளைந்த மஞ்சள் அலகுச் சிலம்பன் ஜோடி. விடியலில் ஓடைப் பக்கம் யாரோ ஒரு பையன் ராகம் தெரியாமல் சீட்டி அடித்துக்கொண்டு போவது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைத் தேடுகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அது முழங்கால் உயரத்தில் இருக்கும். சோலைக்குள் பாசி படிந்த ஒரு குச்சியில், நிழலில், அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கருப்பு, மற்றதெல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு. தரைக்கு இறங்கி ஒரு பூச்சியை எடுத்துவிட்டு அதே குச்சிக்கோ அடுத்த குச்சிக்கோ திரும்பும். நீங்கள் அசையாமல் நின்றால் இரண்டு மூன்று மீட்டர் வரை வரும். உட்காரும்போது வால் ஒருமுறை லேசாக விரியும், இறக்கை நுனிகள் தளர்ந்து தொங்கும், கரு விழியில் வானத்தின் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். இந்தத் தூரத்தில் பைனாகுலர் தேவையே இல்லை, கையைக் கீழே போட்டுவிட்டுப் பாருங்கள்.

செல்போனில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை வெளியே வருமாமே?

வரும். வருவதால்தான் செய்யக் கூடாது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது. இரை தேடுவதையும் குஞ்சைக் காப்பதையும் விட்டுவிட்டு வருகிறது. ஊரை ஒட்டிய சோலைத் துண்டுகள் சின்னவை. அங்கே வாழும் அதே சில ஜோடிகளைத்தான் வருகிறவர்கள் எல்லோரும் தேடுகிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குரலை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். தென்னிந்தியத் தொகுப்பைக் கீழேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் இருக்காது. அது காட்டும் பெயரைத் துப்பாக எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகே குறிப்பில் எழுதுங்கள்.

உச்சியில் கழுகுகளை அடையாளம் காண முடியவில்லை. ஏன்?

கையேடுகளில் பறக்கும் கழுகின் அடிப்பக்கத்தைத்தான் பெரிதாக வரைந்திருப்பார்கள். சமவெளியில் நாம் பார்ப்பதும் அதைத்தான். உச்சியில் நின்றால் கழுகு உங்களுக்குக் கீழே பறக்கும். தெரிவது முதுகு. மார்புக் கோடு, வயிற்று நிறம் எல்லாம் அங்கே உதவாது. கிளம்புவதற்கு முன் முதுகுப்புறப் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

எளிதில் தெரிவது கருங்கழுகு. உடல் முழுக்கக் கருப்பு, அலகின் அடியும் கால்களும் மஞ்சள், இறக்கை நுனியில் நீண்ட இறகுகள் தனித்தனியாக விரிந்து நிற்கும். சோலையின் மேல் விளிம்பை ஒட்டி, மர உச்சிகளைத் தொட்டுவிடும் உயரத்தில், இறக்கையை அடிக்காமல் மெதுவாகப் போகும். கூடுகளிலிருந்து முட்டையையும் குஞ்சையும் எடுக்கிற பறவை அது; அதனால்தான் அந்த நிதானம். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். சரிவின் அந்த மூலைக்குப் போய்த் திரும்பி, அதே வழியில் இன்னும் கொஞ்சம் மேலே வரும்.

ஷாஹீன் வல்லூறு வந்தால் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அது வருவதற்கு முன்பே தகைவிலான்கள் சிதறிவிடும். வெள்ளை வயிற்று மலை உழவாரன்கள் தலைக்கு மேல் போகும்போது பார்ப்பதற்கு முன்பே காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்கும்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்டது. பத்து மடங்கு பெரிதாக்குவது நல்லதுதானே என்று கேட்பார்கள். உச்சிக் காற்றில் கை ஆடும், பத்து மடங்கில் அந்த ஆட்டமும் பத்து மடங்காகும். சோலை நிழலில் 42 மில்லிமீட்டர் கண்ணாடி வெளிச்சத்தை நன்றாக வாங்கும். வெளிக் குளிரிலிருந்து ஹோட்டல் அறைச் சூட்டுக்குச் சட்டென்று மாற்றினால் கண்ணாடியில் ஆவி படியும். பைக்குள்ளேயே பத்து நிமிடம் வைத்திருந்து எடுங்கள்.

கேமரா இல்லாமல் போகலாமா?

தாராளமாக. முதல் ஒன்றிரண்டு பயணங்களுக்குக் கேமரா இல்லாமல் போவதே நல்லது என்பேன்.

உடை, சாப்பாடு?

மங்கிய பச்சை, பழுப்பு. தொப்பி, மழைக்கோட்டு, காதை மூடும் குல்லா. மழைக்குப் பின் அட்டை இருக்கும், நீளக் காலுறை போடுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

அனுமதி எங்கே வாங்க வேண்டும்?

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ கொடைக்கானலுக்குப் போனால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊர்ச் சாலைகளில் நடந்து பார்க்கத் தனி அனுமதி தேவையில்லை. பேரிஜத்துக்கும், காட்டுப் பாதைகளுக்கும், உச்சி ஏற்றங்களுக்கும் வனத்துறையைக் கேட்காமல் போகாதீர்கள். யாராவது ஒருவர் ‘நான் கூட்டிப் போறேன் சார், ஒன்னும் ஆகாது’ என்று சொன்னாலும் போகாதீர்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த மலைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்க முடியாது. கோடையில் வனத்துறை பாதைகளை மூடும்போது எரிச்சலாக இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுமாடு வந்தால்?

கொடைக்கானலில் காட்டுமாடு பஜார் தெருவிலேயே நிற்கும். பைனாகுலரில் கண் வைத்துக்கொண்டே பின்னால் நகர்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. அதிகாலை மூடுபனியில் நடக்கும்போது பேசாமல் போகாதீர்கள், மெல்லப் பேசிக்கொண்டே போங்கள். பார்த்துவிட்டால் நின்று, அதற்கு வழி விட்டு, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். செல்ஃபி எடுக்க அருகில் போவது வேண்டவே வேண்டாம்.

நீலகிரி நெட்டைக்காலியை எங்கே பார்க்கலாம்? யாரைக் கேட்டாலும் கைவிரிக்கிறார்கள்.

கைவிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது மலைப் புல்வெளிப் பறவை. முதுகிலும் மார்பிலும் அடர்ந்த கோடுகள், புல்லுக்குள் ஓடி மறையும், துரத்தினால் பறந்து பக்கத்து மரத்தில் உட்காரும். அதற்கு வேண்டிய புல்வெளிதான் இல்லை. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றின்படி, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் உயர்நிலப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்தன. பைன் காட்டில் நின்று படம் எடுக்கும் நமக்கு அது பசுமையாகத் தெரிகிறது; நெட்டைக்காலிக்கு அது பறிபோன நிலம்.

இதை எங்கே சொன்னாலும் ‘மரம் இருந்தால் நல்லதுதானே’ என்பார்கள். மலை உச்சியில் புல்லும் காடுதான். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவதில் அந்தப் புல்லுக்கும் பங்கு இருக்கிறது. மிச்சமிருக்கும் துண்டுகளில் பாதையை விட்டு இறங்காமல், ஓரத்திலிருந்து பாருங்கள். இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

குறிப்பு எப்படி எழுதுவது?

தேதி, நேரம், இடம் எல்லோரும் எழுதுவார்கள். மலையில் உயரத்தையும் எழுதுங்கள். செல்போனிலேயே தெரியும். செம்மீசைச் சின்னானை எந்த உயரத்தில் முதலில் பார்த்தீர்கள், செம்புழைச் சின்னான் எந்த உயரம் வரை வந்தது என்று வருஷாவருஷம் ஒரே சாலையில் எழுதி வைத்தால், சமவெளிப் பறவைகள் மேலே ஏறுகின்றனவா என்பதற்கு அது சாட்சியாகும். காட்டுப்புறாவின் கழுத்தில் கருப்பு வெள்ளைக் கட்டம் தெரிந்ததா, தெரியாமல் புறா என்று ஊகித்தீர்களா என்பதையும் நேர்மையாகக் குறியுங்கள். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது மலை முழுவதற்கும் ஒரே பட்டியல் போடாமல், சோலைக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, மலைச்சாலைக்கு ஒன்று எனப் பிரித்துப் போடுங்கள். பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். மலைப்பகுதிகளிலிருந்து வரும் பட்டியல் எவ்வளவு வந்தாலும் பயன்தான்.

கொடைக்கானல் போக முடியாத வாரத்தில் பக்கத்தில் பழகிக்கொள்ள இடம் உண்டா?

அரிட்டாபட்டி. மேலூர் பக்கம், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சுமார் 193 ஹெக்டேர். உயரம் இல்லை, சோலைப் பறவை இல்லை. ஆனால் பாறையில் வாழும் வேட்டைப் பறவைகளைப் பார்த்துப் பழக மதுரையில் இதைவிட நல்ல இடம் கிடையாது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் இங்கே பதிவாகியிருக்கின்றன. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர்மக்கள் போராடி, 2025 ஜனவரியில் அது ரத்தானதால் அந்தப் பாறைகள் இன்றும் இருக்கின்றன.

காலை எட்டரைக்குக் கண்மாய்க் கரையில், பாறை முகம் முழுக்கத் தெரியும்படி உட்காருங்கள். பாறையில் சுண்ணாம்பு வழிந்தது போன்ற வெள்ளைக் கறை எங்கே இருக்கிறதோ அதன் மேல் விளிம்பில்தான் பறவை உட்காரும். வருஷத்தின் முதல் நான்கு மாதங்கள் அவை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். அப்போது பாறை மேல் ஏற வேண்டாம், டிரோனும் விட வேண்டாம். ஊருக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கழுகு இன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஆடு மேய்க்கிறவர்களே சொல்லிவிடுவார்கள்.